பாதியில் நின்ற பாட்டு

இத்தாலியில் பார்மா நகரத்துக்காரர்கள் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், சுருதி தப்பினால் மட்டும் மன்னிக்க மாட்டார்கள். அதிலும் ஓபெரா என்கிற இசைநாடகம் நடக்கும் அரங்கின் உச்சி கேலரியில் உட்காருகிறவர்களுக்குத் தலையில் கொம்பு. டிக்கெட் மலிவு, பெஞ்சு கட்டை, ஆனால் தீர்ப்பு அவர்களுடையது. பிடித்துவிட்டால் கைதட்டலில் காது அடைத்துப்போகும். பிடிக்காவிட்டால் விசில்தான்; அங்கே விசில் பாராட்டு இல்லை, அவமானம்.

ஞாயிறு மதியம் அந்தக் கேலரிக்குத்தான் பஸ் டிரைவர் எர்மெஸ் தன் பிள்ளைகளோடு படியேறினான். மகள் இயோலேவுக்குப் பத்து வயது, மகன் டெல்ஃபோவுக்கு ஏழு. கூட்டி வரவேண்டியவள் அவன் மனைவி நீவெஸ். அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். டிக்கெட்டை வீணாக்கப் போகிறாயா என்று கேட்டாள். அவன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

இருபத்திரண்டு வருடமாக அவன் இந்த வாசலை மிதித்ததில்லை. பஸ் ஓட்டிக்கொண்டு போகும்போதுகூட இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டான். அப்போது இங்கே கோரஸில் பாடிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு நாள், கதாநாயகனுக்கு உடம்பு சரியில்லை என்று, இன்று நடக்கிற இதே ஓபெராவில் அவனைப் பாட விட்டார்கள். உச்ச ஸ்தாயியில் குரல் உடைந்தது. விசில் பறந்தது. அவன் பாதியிலேயே மேடையை விட்டு இறங்கிவிட்டான். பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது. இன்றும் தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் அவன் கவலை.

ஏற ஏறப் பழைய வாசனைகள் வந்தன. மெழுகு தேய்த்த மரம், ஈரக் கோட்டுகள், யாரோ உரித்த ஆரஞ்சு. கீழே வயலின்கள் சுருதி சேர்க்கத் தொடங்கியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். இதை விட்டு இத்தனை வருடம் எப்படி இருந்தேன் என்று நினைத்துக்கொண்டான்.

முன்பெஞ்சில் சீஸ் கடை அமில்கரே கிழவர் உட்கார்ந்திருந்தார். அன்று முதல் விசிலை அடித்த புண்ணியவான். தினம் அவன் பஸ்ஸில்தான் ஏறுகிறார், பேச்சு வார்த்தை கிடையாது. திரும்பிப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார், மறுபடி திரும்பிக்கொண்டார். எர்மெஸுக்கு உட்கார்ந்த இடம் முள்ளாய்க் குத்தியது.

மேடையில், சிறையிலிருந்து திரும்பிய படகுக்காரன் மகளைத் தேடும் கதை. டெல்ஃபோ ஹாம் வைத்த ரொட்டியைக் கடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தான். இயோலே கைப்பிடிக் கம்பியில் மோவாயைப் பதித்துவிட்டாள். மூன்றாம் அங்கத்தில் படகுக்காரன் கரையில் நின்று மகளைக் கூப்பிடுகிற பாட்டு வந்தது. எங்கே மூச்சு எடுக்கவேண்டும் என்பதுவரை எர்மெஸுக்கு மனப்பாடம். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. மேடையில் பாடிய இளைஞன் உச்சத்துக்கு ஏறினான். குரல் உடைந்தது, அதே இடத்தில்.

கேலரி முழுக்க விசில் கிளம்பியது. ஃபுட்பால் மைதானத்தில் பழகிய டெல்ஃபோவும் குஷியாக வாயில் விரலை வைத்தான். எர்மெஸ் அந்தக் கையைப் பிடித்தான்.

"வேணாம்டா."

"எல்லாரும் அடிக்கிறாங்கப்பா."

"எனக்கும் அடிச்சாங்க. இதே பாட்டுக்கு, இதே இடத்துல."

சொன்ன பிறகுதான் சத்தமாகச் சொல்லிவிட்டது உறைத்தது. முன்னால் அமில்கரே உதட்டுக்குக் கொண்டுபோன விரலை இறக்கிக்கொண்டார்.

"நீ பாடினியாப்பா?" என்றாள் இயோலே. "அப்புறம் என்ன பண்ணினே?"

"விட்டுட்டு ஓடிட்டேன்."

கீழே அந்த இளைஞன் ஓடவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இசைக்குழுவை நடத்துகிறவரிடம் கையைக் காட்டி, பாட்டை முதலிலிருந்து எடுத்தான். விசில் மெல்ல அடங்கியது. இந்தத் தடவை உச்சத்தைத் தாண்டிவிட்டான். பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் தாண்டினான். எர்மெஸ் எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினான்.

இறங்கும்போது படிக்கட்டில் அமில்கரே அவன் தோளைத் தொட்டார்.

"அன்னைக்கு நீயும் நின்னிருக்கலாம், தம்பி. நீ மறுபடி பாடுவியான்னு நான் கடைசிவரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன்."

எர்மெஸ் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

ஆற்றுப் பாலத்தில் வரும்போது இயோலே அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் விட்டுவிட்டு வந்த பாட்டை இப்போது பாடவேண்டுமாம். மறுத்துப் பார்த்தான், விடவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினான். சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதே இடம் வந்தது. குரல் உடைந்தது.

அவன் டெல்ஃபோவைப் பார்த்தான். பையன் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் ஆழமாக விட்டிருந்தான்.

"முதல்லேருந்து பாடுப்பா," என்றான். "நாங்க நிக்கிறோம்."