பேருந்து நிலையத்துக்கு வழி

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது என் கதையல்ல. ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்து இருக்கையில் இருந்த பெங் வான்னிங்குடையது. போன மாதம் டோங்குவான் தொழிற்சாலையிலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"நீ கதையெல்லாம் எழுதுறியாமே. ஒன்பதாவதுல நடந்துச்சே, மாதிரி வகுப்பு, அதைப் பத்தி எழுதுடி. ஆனா என்னை அழ வச்சிடாத. அன்னிக்கு நான் அழல."

அழவைக்காமல் எழுத எனக்கு வருமா தெரியவில்லை. பார்க்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: "பனி மூடிய கற்பூர மரங்களுக்கு நடுவே எங்கள் பள்ளி" சீ, வேண்டாம். அன்று பனியே இல்லை.

இரண்டாவது: "சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதில் ஆசிரியர் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல்" இதைப் படித்தால் எனக்கே தூக்கம் வருகிறது.

மூன்றாவது: ஆங்கிலப் பாடம் எடுத்த ஜியாவ் டீச்சர் எங்கள் எல்லோரையும் கை தூக்கச் சொன்னார். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை.

இதுவே இருக்கட்டும்.

3.

மாதிரி வகுப்பு என்றால் கல்வி அலுவலக ஆட்கள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, டீச்சர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று பார்ப்பார்கள். கேள்வி கேட்டதும் அறுபது கையும் எழ வேண்டும். டீச்சர் வலது கைகளில் ஒன்றைப் பார்த்துக் கூப்பிடுவார். ஒரே பாடத்தை மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். "குழுவாக விவாதியுங்கள்" என்றால் நாலு தலையும் சேர்ந்து முணுமுணுக்க வேண்டும். எங்கள் குழு பெருக்கல் வாய்ப்பாடு சொன்னது.*

(* சீனத்தில்தான். பின்வரிசைக்குப் போய்ச் சேரும்போது எல்லா முணுமுணுப்பும் ஆங்கிலம் மாதிரியே இருக்கும்.)

நானும் வான்னிங்கும் பதில் தெரியாத இடது கைக்காரிகள். ஆனால் வான்னிங் வகுப்பிலேயே கடைசி. கடைசியில் இருப்பவர்கள் மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு எழுதாமல், முன்கூட்டியே தொழிற்பள்ளிக்குப் போய்விட்டால் வகுப்பின் சராசரி ஏறும். அவள் அம்மாவைக் கூப்பிட்டு டீச்சர் ஏற்கெனவே பேசியிருந்தார். வான்னிங்குக்குத் தேர்வு எழுத வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"அத்தனை பேர் முன்னாடி ஒரு தடவை கரெக்டா சொல்லிட்டேன்னா, அப்புறம் எப்படிடி என்னை அனுப்புவாங்க?" என்றாள்.

பாடம், வழி கேட்பதும் சொல்வதும். பள்ளியிலிருந்து பேருந்து நிலையத்துக்கு எப்படிப் போக வேண்டும்? அவள் அம்மா நிலையத்து வாசலில்தான் அரிசி நூடுல்ஸ் விற்றாள். வழி அவளுக்கு அத்துப்படி, ஆங்கிலம்தான் பாக்கி. விடுதிச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றுகொண்டே என்னிடம் ஒப்பித்தாள். ஒரு பிழை இல்லை. அந்த வழியை நான் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பிறகு.

[ஜியாவ் டீச்சரைக் கொடுமைக்காரியாக எழுத எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் இடுப்பில் மாட்டிய குட்டி ஒலிபெருக்கியும் கட்டிப்போன தொண்டையுமாக அவர் நிற்பது ஞாபகம் வந்து தொலைக்கிறது. சராசரி குறைந்தால் அவரையும் யாரோ கூப்பிட்டுப் பேசுவார்கள்.]

4.

டீச்சர் கேள்வியைக் கேட்டார். எல்லாக் கையும் எழுந்தது. என் இடது முழங்கை எதிலோ இடித்தது. வான்னிங்கின் வலது முழங்கை. டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். ஒரு கணம் நின்றார். பிறகு

முடிவு அ: பிறகு அவளைக் கூப்பிட்டார். அவள் கணீரென்று சொன்னாள். பின்வரிசை கைதட்டியது. இதை எழுதி அவளுக்கே அனுப்பினேன். "யாருடி இவ? என் பேரை ஏன் இவளுக்கு வச்ச?" என்று கேட்டாள்.

முடிவு ஆ: அவள் எழுந்து நின்றாள், வாயைத் திறந்தாள், ஆனால்

இல்லை. இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

நடந்தது இதுதான். டீச்சர் வகுப்புத் தலைவன் டெங் ஹாவைக் கூப்பிட்டார். அவன் சொன்னான். விருந்தாளிகள் போனதும் டீச்சர் கோபப்படக்கூட இல்லை, சிரித்தார். இடுப்பு ஒலிபெருக்கியை இன்னும் அணைக்கவில்லை.

"மூணு தடவை ஒத்திகை பாத்தும் எது வலது எது இடதுன்னு தெரியலையேம்மா, வான்னிங். நல்லவேளை, நான் பாத்துட்டேன். இந்த லட்சணத்துல நீ தேர்வு எழுதப் போறியா?"

வகுப்பே சிரித்தது. அந்தக் கை வேண்டுமென்றே எழுந்த கையாக இருக்கலாம் என்று டீச்சருக்குத் தோன்றவே இல்லை. வான்னிங் அந்தக் கையாலேயே புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அடுத்த வாரம் அவள் அம்மா வந்து, தொழிற்பள்ளிக்குச் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். வான்னிங் விடுதிப் படுக்கையைச் சுருட்டி, முகம் கழுவும் பிளாஸ்டிக் பேசினுக்குள் செருப்பைப் போட்டு எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்துக்கு நடந்தாள்.

[ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது, நானே ஜோடித்தேன் என்பீர்கள். என்ன செய்ய, பாடப்புத்தகத்தில் அந்த வாரம் அதுதான் இருந்தது.]

5.

எப்படி முடிக்கப் போகிறாய் என்று நேற்றுக் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

"பதில் இன்னும் ஞாபகம் இருக்குடி. மிஷின்ல நிக்கும்போது தானா வாயில வருது. ஒருத்தரும் கேக்கல, அவ்ளோதான்."

"இப்ப சொல்லு, எழுதிக்கிறேன்."

"உனக்குத்தான் தெரியுமே. வழி தெரியாதவங்க யாராவது கேக்கணும்."

அதனால்தான் வழியை எழுதாமல் விட்டேன். எங்கள் ஊர் உங்களுக்குத் தெரியாது. பள்ளி வாசலில் நிற்கிறீர்கள், பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். முன்னால் அறுபது கைகள். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், வலது கை.

அவள் பெயர் பெங் வான்னிங். கூப்பிடுங்கள்.