நாலு பக்கம்

தையற்காரர் வேலை நேரம் முழுக்க ஒலிப்புத்தகம் கேட்பார். சரித்திரக் கதைகளையும் விண்வெளிக் கதைகளையும் வாசித்துப் பதிவு செய்பவன் அவருடைய மச்சினன். ஒருநாள் கடைக்கே வந்து, "எப்படி அத்தான் இருக்கு?" என்று கேட்டான்.

"ராஜா செத்தாலும் ராக்கெட் வெடிச்சாலும் ஒரே அழுகை. எந்தக் காலத்துல இருக்கோம்னே தெரியல."

"துணி தைக்கிற உங்களுக்கு வாசிப்பைப் பத்தி என்ன தெரியும்?"

தையல் மெஷின் நின்றது. "போர் அத்தியாயத்துல நாலு பக்கத்தை முழுங்கிட்டியே, அது தெரியும். புத்தகத்தை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். பதிப்பகத்துக்கும் எழுதிட்டேன்."

மச்சினன் தைக்கக் கொடுத்திருந்த சட்டையை, ஒரு கை பொருத்தும் முன்பே பிடுங்கிக்கொண்டு போனான்.

அன்று மாலை மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. தையற்காரருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதியதை அவர் திரும்பப் பெறவில்லை.