இரண்டாவது அடி

கஜபதியின் காதுக்கு எந்தச் சத்தமும் ஒரு தடவையோடு முடிவதில்லை. கதவை யாராவது தட்டினால் அடுத்த தட்டு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பக்கத்து வீட்டு லோகநாயகி துணியைக் கல்லில் ஓர் அடி அடித்துவிட்டு ஊர்க்கதை பேச நின்றால், இங்கே இவன் கைவேலையைப் போட்டுவிட்டு அடுத்த அடிக்குக் காத்திருப்பான். பதினோரு வருஷமாக இதே கூத்துதான். மண்ணூர்பேட்டையில் அவனைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தார்கள். நடந்தது தெரிந்தால் பாவம் என்று சொல்ல மனசு வராது.

எண்பத்துமூன்றில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் அவன் பவர் பிரஸ் ஓட்டினான். தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலேயிருந்து இரும்பு இறங்கி ஒரே அடியில் வாஷரை வெட்டித் தள்ளும். அவனுடைய பிரஸ் மட்டும் கிளட்ச் தேய்ந்துபோய், எப்போதாவது ஒரு மிதிக்கு இரண்டு அடி இறக்கும். 'டபுள் அடிக்குது' என்பார்கள். கஜபதி மிதித்த பிறகு மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் கையை உள்ளே விடுவான். புதிதாக வந்தவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துப் பெரிய மனுஷன் ஆகிக்கொள்வான்.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். படையல் முடிந்ததும் ஒவ்வொரு மிஷினிலும் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கி எடுப்பது வழக்கம். இன்றைக்கு மிஷின் சாமி, சாமி யார் கையையும் கடிக்காது என்று அந்தப் பட்டறையில் ஒரு பேச்சு உண்டு. வருஷம் முழுக்கப் பயந்து பயந்து வேலை செய்கிறவர்கள் அன்றைக்கு மட்டும் இஷ்டத்துக்குக் கையை உள்ளே விடுவார்கள்.

அவன் மனைவி சுசீலா வாசலில் பொரிக்கு நின்றாள். எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். நாலு வயது பேபி அம்மாவின் கையை உதறிவிட்டு உள்ளே அப்பனிடம் ஓடி வந்தாள். மகள் காலால் பிரஸ்ஸை ஓட்டினால் யோகம் என்று கஜபதிக்குத் தோன்றியது. யோகமாவது ஒன்றாவது, மகளிடம் கெத்துக் காட்டும் ஆசைதான். பழத்தை வைத்து, குழந்தையின் காலைப் பெடலில் அழுத்தி, உடனே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். சாறு தெறித்ததைப் பார்த்து அது கைதட்டிச் சிரித்தது. சிரித்தபடியே இடுப்பிலிருந்து சாய்ந்து, நசுங்கிய பழத்தை எடுக்கக் கையை நீட்டியது. மூன்று எண்ண வேண்டும் என்று அதற்கு யார் சொன்னார்கள்?

வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஓடி வந்தவர்களிடம், "அவங்கம்மா கைய வுட்டுட்டா. இது தனியா ஓடியாந்து மிதிச்சிடுச்சி" என்றான் கஜபதி. பதற்றத்தில் வாயில் வந்த பொய். மறுநாள் திருத்தியிருக்கலாம். அடுத்த வாரம் திருத்தியிருக்கலாம். சுசீலா அதை அப்படியே நம்பினாள், அவள் பிடியிலிருந்து குழந்தை போனது நிஜம் என்பதால்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கையை விடவே இல்லை. பத்தாவது படிக்கிறவளைப் பள்ளிக்கூட வாசல்வரை பிடித்துக்கொண்டு போனாள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. பிள்ளையைத் தவறவிட்டவள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். கஜபதியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பான். சொன்னால் இவள் நம்மை என்ன செய்வாளோ என்று வாயை மூடிக்கொள்வான்.

பேபிக்குத் திருச்சியில் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. ஹாஸ்டல் என்றதும் சுசீலா ஒரே பேச்சில் முடித்தாள். "ஒருவாட்டி கைய வுட்டதுக்கே நான் இன்னும் அழுதுகினு கீறேன். இன்னொரு வாட்டி வுட மாட்டேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கஜபதி மகளைக் குழாயடிக்குக் கூட்டிப்போனான்.

"உங்கம்மா மேல தப்பு இல்ல பேபி. அன்னிக்கு நீ என் இடுப்புலதான் இருந்த."

"தெரியும் நைனா."

"தெரியுமா? அப்ப ஏம்மா சொல்லல?"

"நீதான சொல்லாதன்னே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடசொல்லோ வழியில சொன்ன. அம்மாகிட்ட சொன்னா அம்மா செத்துடும்னு."

அப்படிச் சொன்னது அவனுக்கு நினைவே இல்லை.

"சின்ன வயசுல அம்மா தூங்கசொல்லோ மூக்காண்ட கைய வெச்சிப் பார்ப்பேன், மூச்சு வருதான்னு. எங்கயாச்சும் வாய் தவறி சொல்லிட்டேனோன்னு பயமா இருக்கும். இப்ப பெருசாயிட்டேன், அதெல்லாம் சும்மான்னு தெரியுது. பயம்தான் போவல."

கஜபதி வீட்டுக்குள் போகத் திரும்பினான். பேபி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் நைனா" என்றாள். பதினைந்து வயதுப் பெண்ணின் முகம் நாலு வயதுக் குழந்தையின் முகமாகிவிட்டது. பெற்ற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாவத்தை ஒருவன் செய்ய முடியாது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் கையை விலக்கிவிட்டு அடுப்படிக்குப் போனான்.

ஒன்றுவிடாமல் சொன்னான். டபுள் அடிக்கும் என்று தெரிந்தே செய்ததையும், பிள்ளையின் வாயைக் கட்டியதையும் சேர்த்துச் சொன்னான். அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை.

சுசீலா ஸ்டவ்வை அணைத்தாள். அவனைத் தாண்டி வந்து, கதவோரம் நின்ற மகளின் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"இத்தினி வருசமா எப்டிடி தூங்கின?"

பேபி அழுது முடிக்கும்வரை சுசீலா காத்திருந்தாள்.

"நீ திருச்சிக்குப் போ. இந்த ஊட்ல நீ இருந்தது போதும்" என்றாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். கஜபதி வாங்கக் கையை நீட்டினான். அவள் அதைப் பேபியிடம் கொடுத்தாள்.