பத்தாவது சேனல்

நேசகுமாருக்கு அருவருப்பாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். திருத்தங்கல் வீட்டின் பின்னறையில் கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, தானுண்டு தன் கிறிஸ்துமஸ் பாட்டுகளுண்டு என்று இருந்த மனுஷன். இந்தக் கருமாந்திரத்தில் போய் ஏன் தலையைக் கொடுத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

எதிரே செந்தூர்பாண்டி உட்கார்ந்திருந்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியின் மேனேஜர். சித்திரையில் அங்கே ஒரு ரூம் வெடித்து, உள்ளே மருந்து அடைத்துக்கொண்டிருந்த பெண்கள் செத்துப்போனார்கள். பாண்டிலட்சுமியும் அதில் ஒருத்தி. நினைவஞ்சலிக் கூட்டத்துக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று அப்போது வந்து கேட்டவரும் இதே செந்தூர்பாண்டிதான். பாண்டிலட்சுமியின் அக்கா முத்துப்பேச்சி வந்தாள். மைக்குக்கு முன்னால் கைகட்டி நின்று, தங்கச்சிக்குத் தானே கட்டிய ஒப்பாரியைப் பாடினாள். முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சார், இது அவளுக்குன்னு பாடுனது. கூட்டத்துல மட்டும் போடுங்க. வேற எங்கனயும் போட்ற வேணாம்."

"போட மாட்டேம்மா" என்று வாக்குக் கொடுத்தார் நேசகுமார்.

அவள் மெட்டைக் கீபோர்டில் வாசித்துப் பதிந்து, கம்ப்யூட்டரில் வாத்தியத்துக்கு ஒன்றாக இருக்கும் சேனல்களில் முதலாவதுக்கு வயலின், இரண்டாவதுக்குப் புல்லாங்குழல் என்று அவள் குரலுக்குத் துணையாக அமைத்தார். கூட்டம் நடந்தது. அழுதார்கள், கலைந்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம் அல்லவா? இப்போது அதே மெட்டைத் தீபாவளி விளம்பரத்துக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

"முதலாளிக்கு அந்த ட்யூன் ரொம்பப் பிடிச்சுப்போச்சு சார். பொம்பளக் குரல எடுத்துருங்க. வயலினுக்குப் பதிலா ஷெனாய் போட்டு, கொஞ்சம் வேகமா விட்டா ஜம்முனு இருக்கும். கம்ப்யூட்டர்ல சத்தத்த மாத்துறது ஒரு தட்டுதானாமே."

"அது செத்தவளுக்குப் பாடுன பாட்டு அண்ணாச்சி."

"வார்த்தைய எடுத்துட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

சீ, இதெல்லாம் ஒரு பேச்சா. நேசகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீடு தேடி வந்த ஆளை முகத்துக்கு நேரே விரட்ட அவருக்கு வாய் வராது. மெட்டை நாராசமாக்கிக் காட்டினால் ஆள் தானாக எழுந்து போய்விடுவார் என்று கணக்குப் போட்டார்.

பத்தாவது சேனல் தாளத்துக்கென்றே ஒதுக்கியது. எந்த ஸ்வரத்தை அதில் வைத்தாலும் டிரம்மோ ஜால்ராவோதான் கேட்கும். மெட்டு முழுவதையும் அங்கே தள்ளினார். இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினார். சத்தத்தை உச்சிக்கு ஏற்றி ஓடவிட்டார்.

டம். டம். படார். முத்துப்பேச்சி இழுத்துப் பாடிய இடத்தில் ஒரு வெடி. மூச்சு வாங்கிய இடத்தில் அமைதி. 'என் தங்கமே' என்று தொண்டை உடைந்த இடத்தில் சரமாகப் படபடவென்று வெடித்தது. எந்தச் சத்தத்தில் அந்தப் பெண் செத்தாளோ, அதே சத்தத்தை அவளுக்குப் பாடிய ஒப்பாரியிலிருந்தே தன் கையால் செய்திருக்கிறோம் என்று நேசகுமாருக்கு உறைத்தது.

செந்தூர்பாண்டி செல்லும் கையுமாக எழுந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"இதான் சார் வேணும். சரவெடி கொளுத்துன மாதிரியே இருக்கு. இதையே குடுத்துருங்க."

நேசகுமார் நிறுத்தினார். ஃபைலை அழித்தார். "தர முடியாது. எந்திரிச்சுப் போங்க" என்றார். அந்த வார்த்தை இப்போதுதான் வந்தது.

செந்தூர்பாண்டிக்குக் கோபமே வரவில்லை. "அழிச்சா அழிச்சுக்கோங்க சார். நீங்க ஓடவிட்டப்பவே செல்லுல பிடிச்சு முதலாளிக்கு அனுப்பிட்டேன்."

செல் சிணுங்கியது. முதலாளியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "நல்லாருக்குலே. இதையே எல்லா விளம்பர வண்டியிலயும் ஸ்பீக்கர் கட்டி ஓட விடு."

"முத்துப்பேச்சி காதுல விழுந்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாத்தீகளா?" என்று கேட்டார் நேசகுமார்.

செந்தூர்பாண்டி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"விழுந்தா என்ன சார். போன வாரத்துல இருந்து அவளும் நம்ம கம்பெனிதான். தங்கச்சி எடம் காலியாத்தான கெடந்துச்சு."