‘சூடு’ இல்லாத பட்டியல்

நோயாளிகளின் விவரமெல்லாம் கணினிக்கு மாறியபோது எங்கள் வார்டில் அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். மலேசியாவின் கிள்ளானில் பதினெட்டு வருடம் டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்தே கண் கெட்ட நர்ஸ் நான். கணினிப் பிரிவு லோகன் நீட்டும் திருப்திப் படிவத்தில் எப்போதும் ஐந்துக்கு ஐந்துதான் போடுவேன்.

செவ்வாய்க்கிழமை காலை நிஜாம் வந்து சேர்ந்தார். ராமநாதபுரத்துக்காரர், பக்கத்து ஊரான மேருவில் தொழிற்சாலை வேலை. இயந்திரத்தில் கிழிந்த கை சீழ் பிடித்திருந்தது.

"தம்பி, எந்த மருந்துக்காவது அலர்ஜி இருக்கா?"

"அதெல்லாம் இல்லக்கா. ஊர்ல ஒரு ஊசி போட்டாங்க, அது மட்டும் எனக்குச் சூடு."

நம் ஆட்களுக்கு எதுதான் சூடு இல்லை? டுரியான் பழம் சூடு, கோழி சூடு. கணினிப் பட்டியலில் ‘சூடு’ கிடையாது; எதையாவது அழுத்தாமல் அடுத்த பக்கமும் திறக்காது. பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். ‘ஒவ்வாமை இல்லை’ என்று அழுத்திவிட்டேன். காகிதக் காலமாக இருந்தால் ஓரத்தில், ‘ஏதோ ஊசி சூடாம், விசாரிக்கவும்’ என்று கிறுக்கியிருப்பேன்.

மதியம் பெனிசிலின் ஏற்றிய ஐந்தாவது நிமிடம் அவர் உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. டாக்டர் ஓடி வந்து அட்ரினலின் ஊசி போட்டுக் காப்பாற்றினார்.

விசாரணை அறிக்கைக்காகப் பதிவை எடுக்க வந்த லோகன் என் முகத்தைப் பார்த்தார்.

"டென்ஷன் ஆகாதீங்க சிஸ்டர். சிஸ்டம்ல ‘இல்லை’ன்னு கிளியரா இருக்கு. பேஷண்ட்தான் சொல்லல. உங்களுக்கு ஒன்னும் வராது லா."

உண்மைதான். அந்தத் திரை என்னை அழகாகக் காப்பாற்றியது. பத்தொன்பதாவது வருடமும் கெட்ட பெயர் இல்லாமல் போகலாம். அந்த நிம்மதி ஒரு நிமிடம் எனக்குப் பிடித்துமிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நிஜாமின் கட்டிலுக்குப் போனேன். வீங்கிய உதட்டோடு எழுந்து உட்காரப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்கக்கா. எனக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியல. உங்களுக்கெல்லாம் எவ்வளவு சிரமம்."

"நீங்க சொன்னீங்க தம்பி," என்றேன். "நான்தான் எழுதல."

அதையே அறிக்கையிலும் எழுதி, கீழே சந்திரகலா என்று கையெழுத்துப் போட்டேன்.