கர்சர் மூடிக்கொண்டது

1

இந்தக் கதையை அண்ணியிடமிருந்து திருடுகிறேன். அவரைக் கூட்டிப்போகத்தான் அவர் வேலைபார்க்கும் ரத்த வங்கியின் கணினி அறைக்கு வந்தேன். கிளம்பும் நேரத்தில் ஒரு சிக்கல் முளைத்தது. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது.

முதல் தொடக்கம்: 'ஆயிரம் பெயர்களின் நடுவே, நடுங்கும் ஒரு விரல்…'

(சகிக்கவில்லை. அண்ணியின் விரல் எதற்கும் நடுங்காது.)

2

நேராகவே சொல்கிறேன். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு தையல்காரருக்கு அறுவை சிகிச்சை. அவருடையது அரிய வகை ரத்தம். கையிருப்பில் ஒரு பை கூட இல்லை. அதே வகை ரத்தம் உள்ள கொடையாளர் அத்தனை பேருக்கும் கணினி நிரல் செய்தி அனுப்ப வேண்டும். அனுப்பியது ஒரே ஒருவருக்கு. அவர் வெளிநாட்டில் இருக்கிறாராம். நிரலோ 'முடிந்தது' என்று அறிவித்துவிட்டு ஓய்ந்துவிட்டது.

தையல்காரரின் மகள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறாள். (அவள் அழுவதாக எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. கதவையே பார்க்கிறாள்.)

3

வாசகரே, இங்கே கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டதும் தரவுத்தளம் பெயர்களைக் குவியலாகத் தரும். அதைக் கேட்கிற நிரலுக்கோ ஒரு நேரத்தில் ஒரு பெயரைத்தான் வாங்கத் தெரியும். அதனால் நடுவில் கர்சர் என்று ஒன்றை வைக்கிறார்கள். பேரேட்டில் வரிமேல் விரல் வைத்துப் படிப்போமே, அதுதான். திற, அடுத்ததை எடு, அடுத்ததை எடு, தீர்ந்ததும் மூடு. இவ்வளவு எளிமையான ஒன்றை யோசித்தவர்கள்மேல் எனக்குப் பொறாமை. நான் ஒரு கதையை இப்படி எழுதியதே இல்லை.

4

அண்ணி திரையைப் பார்த்தார். பெயர்கள் தீர்ந்திருந்தால் நூறு என்ற குறியீடு வர வேண்டும். வந்திருந்தது ஒரு கழித்தல் எண். அப்படியென்றால் தீரவில்லை, எங்கோ அறுந்திருக்கிறது.

பக்கத்து இருக்கைக்காரருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'அவசரம்'. போன மாதம் அவர்தான், ஒருவருக்கே இருமுறை செய்தி போகக் கூடாதென்று, ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் பதிவை உறுதிசெய்யும் 'கமிட்' கட்டளையைச் சேர்த்திருந்தார். மற்ற வகைகளுக்குக் கையிருப்பு இருக்கும், இல்லாவிட்டால் முதல் ஆளே வந்துவிடுவார். அதனால் இந்தப் பிழை இதுவரை யாருக்கும் தெரியவில்லை.

இந்த இடத்தில் அண்ணி அவரை வறுத்தெடுக்க வேண்டும், கதைக்கு நல்லது. அண்ணி செய்யவில்லை.

"நீ நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கே. ஆனா கமிட் பண்ணினா கர்சர் மூடிக்கும். மூடினப்புறம் அடுத்த ஆளை யார்கிட்ட கேப்பே?"

கமிட்டுக்குப் பிறகும் கர்சரைத் திறந்தே வைக்கும்படி, நிரலில் அதை அமைக்கும் வரியில் இரண்டே சொற்களைச் சேர்த்தார். எந்தப் பிழை வந்தாலும் 'முடிந்தது' என்று சொல்லிக்கொண்டிருந்த வரியையும் திருத்தினார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை பொங்கியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

5

செய்திகள் போகின்றன. ஒருவர் முடியாது என்றார். இன்னொருவரிடமிருந்து பதில் இல்லை. மகளை அண்ணி உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"இன்னும் எத்தனை பேர் இருக்காங்க, மேடம்?"

"தெரியலம்மா. கர்சருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கேட்டாத்தான் அடுத்த ஆள் இருக்காங்களான்னு தெரியும். கேட்டுக்கிட்டே இருப்போம்."

முடிவு (அ): ஒருவர் மூச்சிரைக்க ஓடிவருகிறார். (சினிமா.)

முடிவு (ஆ): நூறு வருகிறது, மகள் எழுந்து… (இதை எழுதமாட்டேன். என்னால் ஆகாது.)

இதோ, இன்னொரு பெயருக்குச் செய்தி போய்விட்டது. அந்தப் பெயருக்கு உரியவர் இந்நேரம் எங்கோ சாய்ந்து உட்கார்ந்து எதையாவது படித்துக்கொண்டிருக்கலாம். படிக்கும்போது தொந்தரவு வேண்டாமென்று கைபேசியைக் கவிழ்த்து வைத்திருக்கலாம்.

நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்? கொஞ்சம் திருப்பிப் பாருங்களேன்.