ரோட்டுப்பக்க யன்னல்

வீரம்மா அலவாங்குக் கம்பியை இரண்டாவது தடவை ரோட்டுப்பக்கச் சுவரில் இறக்கியபோது மூக்கன் ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

"விடு புள்ள. ரோட்டுல ஆமி நிக்கிறானோ என்னமோ."

"அம்மாவப் பாருங்கப்பா. காத்து இந்தப் பக்கந்தானே வருது."

பேச்சியம்மா பாயில் குந்தியிருந்து, கைகளை நிலத்தில் ஊன்றி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நெடுங்கேணிக்குக் காலையிலிருந்து பஸ் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக டிராக்டர்காரனும் பயந்து மறுத்துவிட்டான்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், யன்னலே இல்லாத ஒற்றை அறைக் காம்பராவில், அடுப்புப் புகைக்குள் கிடந்து வந்த இழுப்பு அது. எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு இங்கே வந்தபின் மூக்கன் குளத்துக் களிமண்ணில் கல் அறுத்துத் தன் கையாலேயே இந்த வீட்டைக் கட்டினார். காற்று ரோட்டுப்பக்கத்தால் நுழைந்து பின்பக்கத்தால் போக எதிரெதிரே இரண்டு யன்னல்கள். அடுப்புக்கென்று வெளியே தனிக்கொட்டில். இங்கே வந்துதான் பேச்சியம்மா முதுகைக் கிடத்தித் தூங்கினாள்.

மாசியில், ரோட்டால் போன ஆமி ட்ரக்கிலிருந்து சுட்டார்கள். தலை சீவிக்கொண்டு நின்ற வீரம்மாவின் தோளருகே ஒரு சன்னம் சுவரில் இறங்கியது. அன்றைக்கே மூக்கன் இரண்டு யன்னலையும் மண்கல் வைத்து அடைத்தார். புகை வெளியே தெரியக்கூடாதென்று அடுப்பும் வீட்டுக்குள் வந்தது. இழுப்பும் திரும்பி வந்தது.

"ஒடைக்கிறேன் பேச்சி," என்றார் மூக்கன்.

அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். பேச மூச்சில்லை. விரலை மட்டும் மகள் பக்கம் நீட்டினாள்.

மூக்கன் வீரம்மாவைப் பார்த்தார். பிறகு அலவாங்கை வாங்கி ஓங்கினார். கல் பெயர்ந்து விழ, வெளிச்சமும் காற்றும் தூசியோடு உள்ளே பாய்ந்தன. வீரம்மா அம்மாவை அணைத்துத் தூக்கி யன்னலடியில் இருத்தினாள். காற்றில் அம்மாவின் முன்மயிர் பறந்தது. ரோட்டில் ஏதாவது வருகிறதா என்று வீரம்மா எட்டிப் பார்த்தாள். வெறிச்சோடிக் கிடந்தது. குனிந்தபோது அம்மாவின் தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

ஒப்பாரி வைக்க யாருக்கும் துணிவில்லை. பக்கத்து வளவுப் பத்மாசனி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டுதான் அழுதாள்.

"அண்ணை, பொழுதுபட முன்னம் எடுத்துப்போடுங்கோ. நாளைக்குச் சுத்திவளைக்கப் போறாங்கள் எண்டு கதையாக் கிடக்கு."

பறை இல்லை. நாலைந்து பேர் காட்டுவழியால் தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

திரும்பி வந்த மூக்கன் குளிக்கவில்லை. யன்னலடியில் விழுந்து கிடந்த கற்களைப் பொறுக்கி அடுக்கினார். முற்றத்தில் களிமண்ணைக் கொட்டி நடுவில் குழி பறித்தார்.

"தண்ணி ஊத்து புள்ள."

"அப்பா..."

"நீ உள்ளதானே படுக்கணும்."

வீரம்மா திறந்து கிடந்த யன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாளியைச் சரித்தாள். இருவரும் குந்தியிருந்து மண்ணைப் பிசைந்தார்கள். தூரத்தில் வாகனம் ஒன்று உறுமியது. அது அவர்களைத் தாண்டித் தேய்ந்து போகும்வரை நாலு கைகளும் சேற்றுக்குள் அசையாமல் கிடந்தன.